மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறோம்: குழந்தை உழைப்பு பற்றி எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைகள் வேலைக்கு அனுப்பப்படுவதையும், பள்ளி வயதிலேயே மணம் முடிக்கப்படுவதையும் தடுப்பதற்காக உழைக்கும் சிறிய தொண்டு அமைப்பு எங்களுடையது. நன்கொடையாளர்கள், ஆசிரியர்கள், செங்கல் சூளை முதலாளிகள், கோபத்தோடு வரும் பெற்றோர்கள் என்று பலர் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில் எழுதும் நான் களப்பணியில் இருப்பவன். குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஊர், வயது, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் சரியாக என்ன வேலை செய்கிறீர்கள்?

தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வராத குழந்தையின் வீட்டுக்குப் போகிறோம்.

திடீர்ச் சோதனை, மீட்பு, மறுநாள் நாளிதழில் படம் என்று எண்ணிக்கொண்டுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். மீட்பும் நடக்கிறது, அதை அரசு அலுவலர்களும் காவல்துறையும் செய்கிறார்கள், நாங்கள் உடன் நிற்கிறோம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் நாளுக்கு வெகு முன்பே குழந்தை கைநழுவிவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் வராத குறி விழுகிறது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அன்றைக்கே நழுவிவிடுகிறது.

முதல் நாள் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டாம் நாள் மாமன் வீட்டுக் காதுகுத்தாக இருக்கலாம். மூன்றாம் நாளும் வராவிட்டால் வகுப்பாசிரியர் எங்களுக்குச் சொல்வார். அன்று மாலைக்குள் எங்கள் ஆள் ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் கழித்துப் போனால் வேலைக்கான முன்பணம் கை மாறியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் வீடு பூட்டியிருக்கும்.

இந்தக் காலத்திலும் இங்கே குழந்தைகள் வேலைக்குப் போகிறார்களா?

போகிறார்கள். முன்பு போலக் கண்ணுக்கு எதிரே இல்லை, அவ்வளவுதான். தேநீர்க் கடையில் கண்ணாடித் தம்ளர் கழுவும் பையனைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அது நல்ல மாற்றம். பெயரே எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இடங்களுக்கு வேலை நகர்ந்திருக்கிறது.

செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலி நாளுக்கு இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவன், மனைவி இருவர் மட்டும் கல் அறுத்தால் எண்ணிக்கை ஏறாது. பத்து வயதுப் பிள்ளை பச்சைக்கல்லைப் புரட்டிப் போட்டால், பன்னிரண்டு வயதுப் பெண் மண் மிதித்துக் கொடுத்தால், எண்ணிக்கை ஏறும். சூளையின் கணக்குப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் மட்டும் இருக்கும். "எங்களிடம் குழந்தைத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை" என்று முதலாளி சத்தியம் செய்தால், புத்தகத்தின்படி அது உண்மைதான்.

புளிக் காலத்தில் வீட்டு வாசலிலேயே வேலை வந்துவிடுகிறது. ஓடு நீக்கிக் கொட்டை எடுத்துக் கொடுக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று வியாபாரி தந்துவிட்டுப் போகிறார். சிறு கைகள் விரைவாகச் செய்யும். கலப்பின பருத்தி விதை வயல்களிலும் அந்தச் சிறு கைகளைத்தான் தேடுகிறார்கள். மொட்டைப் பிரித்து ஆண் பகுதியை மாலையில் நீக்க வேண்டும், மறுநாள் காலையில் வேறு பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் கையால் செய்ய வேண்டிய வேலை, மருந்து தெளித்த செடிக்கு நடுவே. சேலம், தர்மபுரிப் பக்கத்து விதை வயல்களில் பெண் குழந்தைகள் இந்த வேலைக்குப் போனதை ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன.

இவை போக, கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் இருக்கின்றன. மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி வளரிளம் பெண்களை அழைத்துப் போன 'சுமங்கலித் திட்டம்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் தரகர் இன்னும் ஊருக்குள் வருகிறார். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. வீட்டு வேலைக்கு, கட்டட வேலைக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு.

வீட்டில் ஆடு மேய்ப்பதும் அம்மாவுக்கு உதவுவதும்கூடக் குற்றமா? நாங்களெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?

குற்றம் இல்லை. பள்ளி விட்டு வந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் பிள்ளையைத் தேடி நாங்கள் வருவதில்லை.

சட்டம் சொல்வது இது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. அந்த விலக்கு எங்களுக்கு உவப்பானது அல்ல. புளி உடைப்பதைக் 'குடும்பத் தொழில்' என்று சொல்லிவிட்டால், வியாபாரிக்காகக் குடும்பமே கூலிக்கு உழைப்பது மறைந்துபோகிறது.

எங்கள் அளவுகோல் எளிது: அந்த வேலையால் பள்ளிக்கூடம் நின்றதா? ஆந்திரத்தில் மா. வெங்கடரங்கையா அறக்கட்டளை மூலம் பல்லாயிரம் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த சாந்தா சின்கா, 'பள்ளியில் இல்லாத ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான்' என்ற நிலைப்பாட்டில் நின்றார். 2003இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நாங்களும் அந்த நிலைப்பாட்டில்தான் நிற்கிறோம்.

பெற்றோரே அனுப்புகிறார்களே! முதலில் அவர்களை அல்லவா தண்டிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் நகரத்துக்காரர்கள். கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் குடும்பம். ராகியும் துவரையும் விதைத்தார்கள், மழை ஏமாற்றிவிட்டது. மூத்த பெண்ணின் பிரசவத்துக்குக் கடன். தை பிறந்ததும் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்தார். "குடும்பத்தோடு வந்துவிடுங்கள், ஆனி வரைக்கும் வேலை" என்றார். ஏழாம் வகுப்புப் பையனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம்தான். யாரிடம் விடுவது? யார் சோறு போடுவார்கள்? அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் இவனை வேலைக்குக் கூட்டிப் போகவில்லை. என்னோடு கூட்டிப் போகிறேன். வேறு எங்கே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள்?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. பிறகு கிடைத்தது: ஆறு மாதத்துக்கு ஓர் அரசு விடுதியில் இடம். தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் சூளைக்குப் போனார்கள், பையன் எட்டாம் வகுப்புக்குப் போனான்.

சட்டமும் பெற்றோரை முதல் குற்றவாளியாக வைப்பதில்லை. முதல் முறை பெற்றோருக்குத் தண்டனை இல்லை. மீண்டும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். வேலைக்கு வைத்தவருக்குத்தான் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலியைக் குறைத்து லாபம் பார்த்தவர் அவர்தானே.

முன்பணம் வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே? அதில் என்ன தவறு?

இதைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கும். கடன் வாங்கினால் கடனைத்தான் திருப்பிக் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது. முன்பணத்தைச் சொல்லி ஒருவரை வெளியே போக விடாமல், வேறு வேலைக்குச் செல்ல விடாமல், குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதை ஒழித்தது. அந்தக் கடனையும் சேர்த்தே ஒழித்தது: விடுவிக்கப்பட்டவர் அந்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பல குடும்பங்கள் இதை நம்புவதே இல்லை. "வாங்கினது வாங்கினதுதான் சார், சாமி பார்த்துக்கொண்டிருக்கிறது" என்பார்கள். அவர்களுடைய நேர்மைதான் அவர்களைக் கட்டிப்போடும் கயிறாக இருக்கிறது.

விடுவிக்கப்படும்போது வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. வழக்கு முடிந்த பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று ஒன்றிய அரசின் திட்டம் வகுத்திருக்கிறது. மீட்புக்கு ஒரு நாள் போதும். சான்றிதழுக்கும் தொகைக்கும் அலுவலகம் அலுவலகமாக நாங்கள் நடந்த நாட்களை எண்ணி முடியாது. இதற்கிடையில் அதே மேஸ்திரி அதே வீட்டுக்கு மறுபடியும் வருகிறார். அதனால்தான் தாளை வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பதை எங்கள் பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

குழந்தைத் திருமணத்தையும் ஏன் இதோடு சேர்க்கிறீர்கள்?

ஏனென்றால் பள்ளியிலிருந்து நின்ற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டே வழிதான் திறந்திருக்கிறது. ஒன்று வேலை, இன்னொன்று கல்யாணம். சில சமயம் முதலாவது, இரண்டாவதற்குப் பணம் சேர்ப்பதற்காகவே.

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளுக்கும் சித்தேரிக்கும் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எட்டாம் வகுப்பு வரை பள்ளி பக்கத்தில் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும், அல்லது ஒரே ஒரு பேருந்தைப் பிடிக்க வேண்டும். அஞ்செட்டிப் பக்கத்துப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணை அந்த வழியில் அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. எல்லையோரச் சிற்றூர்களில் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு, பள்ளியில் தமிழ். ஏற்கெனவே பாதி புரியாமல் உட்கார்ந்திருந்த குழந்தை அது. வீட்டில் உட்கார்ந்தாள் என்றால் ஆறு மாதத்தில் மாமன் மகன் பேச்சு வந்துவிடும். 'நம் கண் முன்னே ஒரு நல்லது முடிந்துவிட்டால் போதும்' என்பார் பாட்டி. அந்தப் பாட்டி கொடியவர் அல்லர். அவருக்குப் பதின்மூன்றில் நடந்தது. வேறொன்றை அவர் பார்த்ததில்லை.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மணம் செய்யும் வயது வந்த ஆண், நடத்தி வைப்பவர், ஊக்குவித்த பெற்றோர் ஆகியோருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். நீதித்துறை நடுவர் தடை உத்தரவு கொடுத்த பிறகும் தாலி கட்டினால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. சிறு வயதில் மணம் முடிக்கப்பட்டவர் தனக்கு 20 வயது ஆகும் வரை அதை ரத்து செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். இதை நாங்கள் போகும் ஒவ்வொரு வகுப்பறையிலும் சொல்கிறோம். மனைவியாகவே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுடன் உறவு கொள்வது வன்புணர்வுக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் பந்தலைப் பிரித்துவிட்டு வருவது எளிது. பிரித்த பந்தலுக்கு அடியில் இருந்த பெண் மறுநாள் அதே வீட்டில்தான் எழ வேண்டும். ஊர் முழுக்க அவளைக் குற்றவாளி போலப் பார்க்கும். அதனால் திருமணம் நின்ற வீட்டுக்கு அடுத்த மூன்று மாதம் வாரம் ஒரு முறையாவது போகிறோம். கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியிலோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ இடம் வாங்கிக் கொடுக்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு, அப்பாக்களிடம் பேசுவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. 'படித்தால் என்ன கிடைக்கும்?' என்று கேட்டவருக்குச் சொல்ல ஒரு தொகையாவது இருக்கிறது.

மீட்கப்பட்ட குழந்தைகளின் படங்களை ஏன் வெளியிடுவதில்லை? அதைப் பார்த்தால்தானே மக்கள் உதவுவார்கள்?

வெளியிட்டால் இன்னும் அதிகப் பணம் வரும் என்பது எங்களுக்கும் தெரியும். இரண்டு பேர் நேரிலேயே சொன்னார்கள்: "அழுகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள் சார், எங்கள் அலுவலகத்தில் வசூல் செய்து தருகிறோம்."

இளைஞர் நீதிச் சட்டம் (2015), பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ முகத்தையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தனித் தடை உண்டு. சட்டமே இல்லாவிட்டாலும் நாங்கள் செய்ய மாட்டோம். அந்தப் பெண் நாளைக்குக் கல்லூரிக்குப் போவாள், வேலைக்கு நேர்காணலுக்குப் போவாள். மண் அப்பிய முகத்தோடு எடுத்த படம் அவளுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டுமா? நன்கொடை தருபவருக்கு அவர் பணத்தின் கணக்கைக் காட்டுவோம். குழந்தையின் முகத்தைக் காட்ட மாட்டோம்.

தத்தெடுக்க உங்களிடம் குழந்தைகள் இருக்கிறார்களா?

இல்லை. ஆதரவற்ற குழந்தைகளைத் தத்தெடுப்பது மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் பதிவு வழியாக மட்டுமே நடக்கும். வேறு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஓர் இல்லம் கட்டி இந்தக் குழந்தைகளை வைத்துக் காப்பாற்றலாமே?

நிலம் தருகிறேன் என்று முன்வந்த நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவே சங்கடமாக இருந்தது. இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத் தேட வேண்டியது என்றுதான் சட்டமும் சொல்கிறது. எங்கள் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மா இருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கூலி போதவில்லை, அதுதான் சிக்கல். பிள்ளையைக் கட்டடத்துக்குள் வைத்துச் செலவழிப்பதைவிட, அந்தக் குடும்பத்துக்கு ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை தாயிடமே இருந்து படிக்கும். கணவனை இழந்த, கைவிடப்பட்ட, கடும் நோயுற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது கிடைக்கும். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

உங்கள் முயற்சி தோற்றதுண்டா?

உண்டு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையின் முறையே அதனால் மாறியது.

ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பா இல்லை, அம்மாவுக்குச் சிறுநீரக நோய். தரகர் மூலம் ஒரு நூற்பாலைக்குப் போய்விட்டாள். தேடிப் பிடித்து அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தோம். ஆசிரியை கட்டிக்கொண்டு அழுதார். மாத உதவிக்கு விண்ணப்பம் போட்டோம். அது ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக ஏழு மாதம் கிடந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் "அடுத்த வாரம்" என்றார்கள்; நாங்களும் அவளிடம் "அடுத்த வாரம் வந்துவிடும் கண்ணு" என்றோம். ஐந்தாம் மாதம் அவள் மறுபடியும் போய்விட்டாள். இந்த முறை எந்த ஊர் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் பார்த்தோம். கையில் ஒரு விரல் போயிருந்தது. பள்ளிக்கு அவள் திரும்பவில்லை.

அந்தக் கையெழுத்தைப் போடாதவரைக் குறை சொல்லலாம். ஆனால் 'அடுத்த வாரம்' என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகுதான் இடைக்கால நிதி என்று ஒன்றைத் தனியாக வைத்தோம். அரசுப் பணம் வரும் வரை அரிசி, மருந்து, பேருந்துச் செலவை அதிலிருந்து கொடுக்கிறோம். நீங்கள் எங்களுக்குப் பணம் அனுப்பி, எதற்கு என்று குறிப்பிடாவிட்டால் அது இந்த நிதியில்தான் சேரும்.

குழந்தைகள் உழைத்த பொருளை வாங்காமல் புறக்கணித்தால் போதாதா?

வங்கதேசத்தில் 1993 வாக்கில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைகள் தைத்த ஆடைகளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தது. அது சட்டமாகும் முன்பே பயந்துபோன தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள். அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். பிறகு 1995 ஜூலையில் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பள்ளியில் இடம் தயாரான பிறகே குழந்தையை வேலையிலிருந்து எடுக்க வேண்டும், மாதம் ஓர் உதவித்தொகையும் தர வேண்டும் என்பது அதன் சாரம். சூளைக்கு நாங்கள் போகும்போதும் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறோம்: முதலில் பள்ளி இடம், பிறகு சூளை.

வாங்குபவர்கள் கேள்வி கேட்பது வேறு; அது நல்லது. வீடு கட்டுகிறவர் தன் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒரு முறை போய்ப் பார்த்தால் மேஸ்திரிக்கு அது உறைக்கும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள பிரச்சினையா?

இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020இல் உலகில் 16 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள். 2024இல் அது 13.8 கோடியாகக் குறைந்தது. அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில் இருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் வேளாண்மையில். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மட்டும் 8.7 கோடி. 2025க்குள் குழந்தை உழைப்பை ஒழிப்பதாக உலக நாடுகள் எடுத்த உறுதி நிறைவேறவில்லை.

கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கோகோத் தோட்டம், காங்கோவில் கோபால்ட் சுரங்கம், மடகாஸ்கரில் மைக்கா. அந்த ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சூளைக் கணக்குதான் நினைவுக்கு வரும். உற்பத்தியாகும் அளவுக்குக் கூலி, பெரியவர் கூலி வீட்டுக்குப் போதாமை, பள்ளி தொலைவு: மூன்றும் அங்கும் இருக்கின்றன. மாற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. உஸ்பெகிஸ்தானில் பருத்தி எடுக்கப் பள்ளிக் குழந்தைகளை அரசே அனுப்பிக்கொண்டிருந்தது. பல ஆண்டு உலக நெருக்கடிக்குப் பிறகு அது நின்றது; 2022இல் அந்தப் பருத்தியின் மீதான பன்னாட்டுப் புறக்கணிப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

1998இல் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று நடத்திய உலகப் பேரணி மணிலாவில் தொடங்கி ஜெனீவாவில் முடிந்தது. மறு ஆண்டே மிக மோசமான குழந்தை உழைப்பை ஒழிக்கும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா அதற்கு ஒப்புதல் கொடுத்தது 2017 ஜூனில். பதினெட்டு ஆண்டு. 1999இல் பிறந்த குழந்தை அதற்குள் வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

நான் கொடுக்கும் பணம் எதற்குச் செலவாகிறது?

பெரும்பகுதி களப்பணியாளர்களின் ஊதியத்துக்கும் பெட்ரோலுக்கும். இதைக் கேட்டதும் சிலர் முகம் மாறுகிறது. நோட்டுப் புத்தகம், சீருடை என்று எதிர்பார்த்திருப்பார்கள். நோட்டும் சீருடையும் அரசுப் பள்ளியில் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போது தொடக்கப் பள்ளியில் காலை உணவும் கிடைக்கிறது. கிடைக்காதது, மூன்றாம் நாள் மாலையில் மலையேறி வந்து 'ஏன் வரவில்லை?' என்று கேட்கும் ஒரு மனிதர். அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நன்கொடைக்கான வருமான வரிவிலக்குச் சான்று தருகிறோம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. வங்கி வழியாக அனுப்புங்கள். அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி எங்களுக்குப் பதிவு இல்லாததால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து பணம் பெற முடியாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாகத் தரலாம்.

பழைய துணி, பொம்மை அனுப்பலாமா?

வேண்டாம்.

ஒரு குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

1098. இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லை. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உடனடி ஆபத்து என்றால் 112. இடம், அடையாளம், எந்த நேரத்தில் குழந்தை அங்கே இருக்கும் என்பதைச் சொல்லுங்கள். "ஓசூர் ரோட்டில் ஒரு கடை" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலாளியிடம் நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள். உங்கள் நோக்கம் நல்லதுதான். ஆனால் நீங்கள் பேசிவிட்டுப் போன அரை மணி நேரத்தில் குழந்தை வேறு ஊருக்கு மாற்றப்பட்டுவிடும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதும் வேண்டாம். மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள். எங்கே அனுப்புவது என்று அந்தக் குழு முடிவு செய்யும். பாலியல் கொடுமை பற்றிய சந்தேகம் இருந்தால் தெரிந்தவர் சொல்லாமல் மறைப்பதே போக்சோ சட்டப்படி குற்றம்.

உங்களோடு வேலை செய்ய வரலாமா? எப்போது வரலாம்?

மே மாதம் வாருங்கள். கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பெரும்பாலும் ஜூனில், பள்ளி திறக்கும் நேரத்தில் கேட்கிறார்கள். எங்களுக்கு ஆள் போதாமல் திண்டாடுவது அதற்கு முந்தின இரண்டு மாதம்தான். பள்ளி மூடியிருக்கும், பதிவேடு இருக்காது, மூன்றாம் நாள் கணக்கே பார்க்க முடியாது. மாங்காய்க் காலம் உச்சத்தில் இருக்கும். தோட்டத்திலும் ஏற்றுமதிக் கொட்டகையிலும் கை தேவைப்படும். சூளை வேலை மழைக்கு முன் முடிக்க வேகமெடுக்கும். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அந்த இரண்டு மாதமும் எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடித்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஒரு முறையாவது போய், 'அடுத்து எந்தப் பள்ளி? விண்ணப்பம் வாங்கியாயிற்றா?' என்று கேட்க வேண்டும். கன்னடமோ தெலுங்கோ தெரிந்தவராக இருந்தால் அஞ்செட்டிப் பக்கம் அனுப்புவோம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மலையில் இருந்து கடைசிப் பேருந்து இருட்டத் தொடங்கும் நேரத்திலேயே இறங்கிவிடும். தண்ணீர் பாட்டிலும் ஒரு தொப்பியும் எடுத்து வந்தால் போதும், களி எந்த வீட்டிலும் கிடைக்கும்.